வாங்கிச் சேர்த்த கம்பெனி: கணக்கு ஒரு கதை, சரக்கு வேறு கதை

ஆரணி, திருமலை வட்டாரத்தில் பட்டு தெரிந்தவர்கள் சேலையைக் கையில் வாங்கியதும் திருப்பித்தான் பார்ப்பார்கள். முன்பக்கம் எல்லாச் சேலையும் அழகுதான். உடலும் கரையும் சேரும் இடத்தில் இழை எப்படிப் பூட்டியிருக்கிறது, பின்பக்கம் நூல் தொங்குகிறதா, ஜரிகை என்ன ஜரிகை என்பதில்தான் விலையின் நியாயம் இருக்கிறது. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கியதாக வரும் அறிவிப்பு, சேலையின் முன்பக்கம் போன்றது. இத்தனை கோடிக்கு வாங்கினோம், வருமானம் இத்தனை சதவிகிதம் கூடியது என்று பளபளக்கும். அதைத் திருப்பிப் பார்ப்பது எப்படி?

பங்குச்சந்தைக்காரர்களின் சமாசாரம் என்று இதை இந்த ஊர் ஒதுக்கிவிட முடியாது. தறி ஓட்டிப் படிக்கவைத்த பிள்ளைகள் சென்னை ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிறார்கள். சிலருக்குச் சம்பளத்தின் ஒரு பகுதி பணமாக அல்ல, கம்பெனிப் பங்காக வருகிறது. மொபைலில் மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மியூச்சுவல் ஃபண்ட் போடும் வீடுகளின் பணத்திலும் ஐ.டி பங்குகள் கலந்திருக்கின்றன. பட்டுக் கடைகளின் பில்லும் ஜி.எஸ்.டி கணக்கும் ஏதோ ஒரு மென்பொருளுக்குள்தான் கிடக்கின்றன. அந்த மென்பொருளைத் தயாரித்த கம்பெனி நாளைக்கே கைமாறலாம்.

நமக்குப் பக்கத்தில் நடந்த கதையிலிருந்து தொடங்கலாம்.

ஒரே நாளில் மூன்று அறிவிப்புகள்

ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2010-ல் சென்னையில் ‘ஃப்ரெஷ்டெஸ்க்’ என்ற பெயரில் தொடங்கப்பட்டது. வாடிக்கையாளர்களின் புகார்களை வாங்கி, வரிசைப்படுத்தி, பதில் சொல்ல உதவும் மென்பொருள்தான் அதன் முதல் சரக்கு. 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. ஒரு பங்கு 36 டாலருக்கு விற்கப்பட்டு, சுமார் 103 கோடி டாலர் திரட்டப்பட்டது. முதல் நாள் முடிவில் விலை 47 டாலரைத் தாண்டி நின்றது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்ற செய்தி அன்று தமிழ்நாட்டில் வராத பத்திரிகை இல்லை.

2024 மே 1. காலாண்டு முடிவுகளோடு மூன்று அறிவிப்புகளும் வந்தன. நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை டென்னிஸ் உட்சைடிடம் ஒப்படைத்தார். அமெரிக்காவின் ‘டிவைஸ்42’ என்ற கம்பெனியை ஏறத்தாழ 23 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சொல்லப்பட்டது. அன்றைய மதிப்பில் சுமார் 1,900 கோடி ரூபாய். அந்த ஆண்டு வருவாய் எதிர்பார்ப்பும் குறைக்கப்பட்டது. மறுநாள் பங்கு விலை சுமார் ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது.

மூன்றில் எது விலையை இறக்கியது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். எதிர்பார்ப்பைக் குறைத்ததே பெரிய காரணமாக இருந்திருக்கும். ஆனால் கவனிக்க வேண்டியது அந்த நேரத்தைத்தான். சொந்த வளர்ச்சி மெதுவாகும் அதே நாளில் ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கினால், அடுத்த நாலு காலாண்டுக்கு வரும் வளர்ச்சிக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஃப்ரெஷ்வொர்க்ஸின் 2023 வருவாய் 59.6 கோடி டாலர். 2024 வருவாய் 72 கோடி டாலர். வளர்ச்சி 21 சதவிகிதம். நல்ல எண்தான். ஆனால் ஜூனுக்குப் பிறகு வந்த டிவைஸ்42-ன் வருவாயும் இதற்குள் இருக்கிறது. முந்தைய ஆண்டுக் கணக்கில் அது இல்லை. பக்கத்துக் கடையை வாங்கி, இரண்டு கல்லாவையும் சேர்த்து எண்ணிவிட்டு, ‘போன வருஷத்தைவிட வியாபாரம் கூடிப்போச்சு’ என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இதைத் தப்பு என்று சொல்ல முடியாது, கணக்கியல் விதிப்படி அப்படித்தான் காட்ட வேண்டும். வாங்கியதால் வந்தது எவ்வளவு, வளர்ந்ததால் வந்தது எவ்வளவு என்று கழித்துப் பார்ப்பது படிக்கிறவர் வேலை. நல்ல கம்பெனிகள் அதற்கான எண்ணை முதலீட்டாளர் கூட்டத்தில் கேட்டால் சொல்லிவிடும். சுற்றி வளைத்தால் அதுவே ஒரு பதில்.

அடுத்தது லாப நஷ்டம். 2022-ல் ஃப்ரெஷ்வொர்க்ஸின் நஷ்டம் 23.2 கோடி டாலர். 2024-ல் அது 9.5 கோடியாகக் குறைந்தது. அதே 2024-ல், செலவெல்லாம் போகக் கையில் தங்கிய ரொக்கம் 15 கோடி டாலருக்கு மேல். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியில் பணம் எப்படி மிஞ்சும்?

விடை, ஊழியர் சம்பளத்தில் இருக்கிறது. அந்த ஆண்டு 20 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள சம்பளம் பங்காகவே கொடுக்கப்பட்டது. கணக்கில் அது செலவு, கல்லாவிலிருந்து ஒரு பைசா வெளியே போவதில்லை. அதனால் நஷ்டமும் உண்மை, மிஞ்சிய ரொக்கமும் உண்மை. இந்தச் செலவைச் சுமப்பவர்கள் பங்குதாரர்கள்; மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை கூடக்கூட அவர்களின் கூறு சிறுக்கிறது. சாஃப்ட்வேர் கம்பெனிகள் பல ‘பங்குச் சம்பளம் நீங்கலாக லாபம்’ என்று இன்னொரு எண்ணையும் பெரிய எழுத்தில் போடும். தறிக்காரர் கூலியை விட்டுவிட்டுச் சேலைக்கு அடக்கவிலை போடும் முதலாளியை ஊரில் யாரும் நம்புவதில்லை.

பங்கைச் சம்பளமாக வாங்கும் பிள்ளையின் வீட்டுக்கு இதில் வேறொரு கணக்கும் உண்டு. பங்கு ஊழியர் பெயருக்கு வரும் நாளில் என்ன விலையோ, அந்தத் தொகையை நம் வருமான வரிச் சட்டம் சம்பளமாகத்தான் பார்க்கிறது. ஓர் உதாரணம்: 100 பங்குகள், ஒன்று 40 டாலர் இருக்கும் நாளில் கைக்கு வருகின்றன. சம்பளத்தில் 4,000 டாலர் ஏறிவிட்டது. 30 சதவிகித வரிக்காக 30 பங்குகள் அன்றே விற்கப்படுகின்றன. மீதி 70. ‘இன்னும் ஏறும்’ என்று வைத்திருந்து விலை 13 டாலருக்கு இறங்கினால், கையில் 910 டாலர். வரி கட்டியதோ 4,000-க்கு. இறங்கிய நஷ்டத்தைச் சம்பள வரியில் கழிக்க வழியில்லை. எதிர்காலத்தில் வேறு சொத்தை விற்று லாபம் வந்தால் அதில்தான் கழிக்கலாம். 13 டாலர் என்பது பயமுறுத்துவதற்காகச் சொன்ன எண் இல்லை. 2024 கோடையில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் பங்கு 15 டாலருக்குக் கீழேதான் இருந்தது. வீட்டுக் கடனுக்கும் தங்கையின் கல்யாணத்துக்கும் இந்தப் பங்கை நம்பியிருக்கும் குடும்பங்கள், அப்பா அம்மாவும் உட்பட, இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே ஆண்டு நவம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் சுமார் 660 பேரை, அதாவது 13 சதவிகிதம் பேரை, வேலையிலிருந்து நிறுத்தியது. அதோடு 40 கோடி டாலருக்குத் தன் பங்கையே திரும்ப வாங்கப்போவதாகவும் அறிவித்தது. கையிருப்பு அப்போது நூறு கோடி டாலர் அளவில் இருந்தது. ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு, கம்பெனி பெயரைச் சொல்லாமல், இப்படிச் செய்வது பேராசை என்று கடுமையாக எழுதினார். முதலீட்டாளர் பார்வையில் திரும்ப வாங்குவது நியாயம்தான். பங்குச் சம்பளத்தால் சிறுத்த கூறு கொஞ்சம் மீளும். வேலை போனவரின் வீட்டில் அந்த நியாயம் எடுபடாது. இரண்டு பேரும் ஒரே அறிக்கையைத்தான் படிக்கிறார்கள்.

‘குட்வில்’ என்ற வரி

இன்னொரு கம்பெனியை வாங்கிய கம்பெனியின் ஆண்டறிக்கையில் முதலில் தேட வேண்டிய சொல் ‘குட்வில்’. ஆரணி கடைவீதியில் ஒரு பட்டுக் கடை ஒரு கோடி ரூபாய்க்குக் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு, அலமாரி, முன்பணம் எல்லாம் கூட்டினால் 60 லட்சம். மீதி 40 லட்சம் எதற்கு? கடைப் பெயருக்கு, வழக்கமாக வரும் கல்யாண வீட்டார்களுக்கு. அந்த 40 லட்சம்தான் குட்வில். வாங்கியவர் அதைச் சொத்து என்றே எழுதிக்கொள்வார். இரண்டு வருஷத்தில் அந்தக் கல்யாண வீட்டார்கள் வேறு கடைக்குப் போய்விட்டால் அந்தச் சொத்து காற்று. அதை ஒப்புக்கொண்டு கணக்கிலிருந்து வெட்டுவதை ‘மதிப்புக் குறைப்பு’ என்கிறார்கள்.

சாஃப்ட்வேர் கம்பெனியில் அலமாரி கிடையாது. வாங்கும் விலையில் பெரும்பகுதி குட்வில்லாகவும், அதுபோன்ற கண்ணுக்குத் தெரியாத சொத்தாகவும்தான் இருக்கும். உலகம் பார்த்த பெரிய உதாரணம் ஹெச்பி. 2011-ல் பிரிட்டனின் ‘ஆட்டானமி’ என்ற மென்பொருள் கம்பெனியைச் சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்கியது. 2012 நவம்பரில், ஓராண்டு கழித்து, 880 கோடி டாலரை வெட்டி எறிந்தது. அதில் 500 கோடிக்கு மேல் ஆட்டானமியின் கணக்குத் தில்லுமுல்லால் வந்தது என்று ஹெச்பி குற்றம் சாட்டியது. லண்டன் நீதிமன்றம் 2022-ல் பெரும்பாலும் ஹெச்பி பக்கம் தீர்ப்பளித்தது. 2024-ல் அமெரிக்க ஜூரி ஆட்டானமி நிறுவனர் மைக் லிஞ்சைக் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. பத்தாண்டுக்கும் மேலாக வழக்குரைஞர்கள் வாதாடிய விஷயம் இது. வாங்குகிறவரே ஏமாந்ததாகச் சொல்கிறார் என்றால், வெளியிலிருந்து பார்க்கும் நாம் குட்வில் வரியை எவ்வளவு சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்!

ஒரு சுலபக் கணக்கு: கம்பெனியின் சொந்த நிதியிலிருந்து குட்வில்லைக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது ஒன்றுமில்லை என்றால், அந்தக் கம்பெனி முழுக்க முழுக்க ‘வாங்கியது பலிக்கும்’ என்ற நம்பிக்கையில் நிற்கிறது.

யார் பணத்தில் வாங்கினார்கள்?

ஃப்ரெஷ்வொர்க்ஸ் டிவைஸ்42-ஐக் கையிருப்பு ரொக்கத்தில் வாங்கியது. தப்பாகிப்போனாலும் வட்டி கேட்டு யாரும் வாசலில் நிற்க மாட்டார்கள். பெங்களூரு சுபெக்ஸின் கதை அப்படியில்லை.

தொலைபேசி கம்பெனிகள் பேசிய அழைப்புக்கெல்லாம் சரியாகப் பில் போட்டிருக்கின்றனவா, எங்கே வருமானம் ஒழுகுகிறது, எங்கே மோசடி நடக்கிறது என்று கண்டுபிடிக்கும் மென்பொருள்தான் சுபெக்ஸின் சரக்கு. அந்தத் துறையில் உலகம் அறிந்த பெயர். 2006-ல் பிரிட்டனின் ‘அஸூர் சொல்யூஷன்ஸ்’, 2007-ல் கனடாவின் ‘சின்டிசிஸ்’ என்று அடுத்தடுத்து வாங்கியது. இரண்டாவதை வாங்க 18 கோடி டாலருக்கு வெளிநாட்டுக் கடன் பத்திரம் வெளியிட்டது. அந்தப் பத்திரத்தில் ஒரு வசதி: பங்கு விலை குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால், கடன் கொடுத்தவர் பணத்துக்குப் பதில் பங்காக எடுத்துக்கொள்ளலாம். 2007-ல் சந்தை இருந்த உற்சாகத்தில், கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியே வராது என்று இந்தியாவில் பல கம்பெனிகள் நம்பின.

2008 வந்தது. உலகச் சந்தை விழுந்தது. பங்கு விலை அந்த அளவின் பக்கத்தில்கூட வராதபோது யார் பங்கு கேட்பார்கள்? கடன் கடனாகவே நின்றது. அதுவும் டாலரில். 2007-ல் 45 ரூபாய்க்குள் இருந்த டாலர், கெடு வந்த 2012-ல் 50 ரூபாயைத் தொட்டிருந்தது. வாங்கிய கம்பெனிகள் எதிர்பார்த்த அளவு சம்பாதிக்கவும் இல்லை. 2009-ல் ஒருமுறை, 2012-ல் இன்னொரு முறை கடன் மாற்றியமைக்கப்பட்டது. பின்னாளில் பெரும்பகுதி பங்காக மாறி, மொத்தப் பங்குகள் பல மடங்கு பெருகின. நடுவில் விற்காமல் வைத்திருந்த சிறு முதலீட்டாளரின் கூறு தண்ணீர் ஊற்றிய மோர் ஆனது.

இத்தனைக்கும் நடுவில் சுபெக்ஸின் மென்பொருளைத் தொலைபேசி கம்பெனிகள் தொடர்ந்து பயன்படுத்தித்தான் வந்தன. சரக்கு தப்பவில்லை, கணக்குதான் தப்பியது.

சத்யம் விவகாரத்திலும் இதே முரண்தான். 2008 டிசம்பர் 16 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ், தன் நிறுவனர் குடும்பத்தைச் சேர்ந்த மேட்டாஸ் கம்பெனிகள் இரண்டை 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. ஒன்று வீட்டுமனை, இன்னொன்று கட்டுமானம். சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அங்கே என்ன வேலை? முதலீட்டாளர்கள் கொதித்தார்கள், சில மணி நேரத்தில் திட்டம் கைவிடப்பட்டது. மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, ராமலிங்க ராஜுவின் கடிதம் வந்தது. கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை. அந்த இல்லாத பணத்துக்கு 376 கோடி ரூபாய் வட்டி வேறு வரவேண்டியிருப்பதாக எழுதப்பட்டிருந்தது. 2008 செப்டம்பர் காலாண்டில் 24 சதவிகிதம் என்று காட்டிய லாப வரம்பு, உண்மையில் 3 சதவிகிதம். மேட்டாஸை வாங்குவது, போலிச் சொத்தை நிஜச் சொத்தால் ஈடுகட்டும் கடைசி முயற்சி என்று அந்தக் கடிதமே சொன்னது.

சம்பந்தமில்லாத தொழிலை, அதுவும் சொந்தக்காரர்களின் கம்பெனியை வாங்குவது என்றால் அந்த நிமிஷமே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். ஆனால் சத்யத்தின் பொறியாளர்கள் எழுதிய நிரல்கள் போலியில்லை. வாடிக்கையாளர்கள் பலர் கம்பெனியை விட்டுப் போகவில்லை. அதனால்தான் 2009 ஏப்ரலில் டெக் மஹிந்திரா அதை வாங்க முன்வந்தது. 2013-ல் தன்னோடு இணைத்துக்கொண்டது.

சின்ன ஊர்களிலும் பெற்றோர் தவணை கட்டிப் பாடம் வாங்கிய பைஜூஸ் பற்றி ஒரு வார்த்தை. வொயிட்ஹேட் ஜூனியர், ஆகாஷ், கிரேட் லேர்னிங் என்று 2020, 2021 ஆண்டுகளில் வாங்கிக் குவித்தது. 2021 மார்ச்சில் முடிந்த ஆண்டின் கணக்கு 2022 செப்டம்பரில்தான் வெளியானது. அடுத்த ஆண்டுக் கணக்கும் இழுத்துக்கொண்டே போக, தணிக்கையாளர் டெலாய்ட் 2023 ஜூனில் விலகியது. பிறகு வெளியான கணக்கில் 2021-22 நஷ்டம் 8,245 கோடி ரூபாய். 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. எண்களைப் படிக்கத் தெரியாதவரும் நாள்காட்டியைப் படிக்கலாம். கணக்கு தாமதமாகிறது, தணிக்கையாளர் பாதியில் போகிறார் என்றால் மேலே படிக்க எதுவும் இல்லை.

சரக்கைச் சோதிப்பது

எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. கணக்கு பிரமாதம், சரக்கு வாங்கியவர்கள் புலம்பல்.

ஒரே கணினியைப் பல கணினிகள்போல் பிரித்து இயக்க உதவும் மென்பொருள் விஎம்வேருடையது. உலகம் முழுக்க வங்கிகளும் மருத்துவமனைகளும் அதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன. 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே, ஒருமுறை காசு கொடுத்து நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டது. இனி எல்லாமே சந்தா. தனித்தனியாக வாங்கியவை மூட்டையாகக் கட்டி விற்கப்பட்டன. கட்டணம் பல மடங்கு ஏறியதாக ஐரோப்பாவில் வாடிக்கையாளர்கள் முறையிட்டார்கள். அமெரிக்காவின் ஏ.டி அண்ட் டி வழக்கே போட்டு, பிறகு சமரசமானது. பிராட்காமின் சந்தை மதிப்போ 2024 டிசம்பரில் ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. பங்கு வைத்திருந்தவருக்குத் தீபாவளி, மென்பொருள் வைத்திருந்தவருக்கு வயிற்றெரிச்சல்.

வாங்கிய சரக்கு நன்றாக ஒட்டிக்கொண்ட கதையும் சென்னையிலேயே இருக்கிறது. 2015-ல் ஃப்ரெஷ்டெஸ்க், ‘கொனோட்டர்’ என்ற சென்னைக் கம்பெனியை வாங்கியது. மொபைல் செயலிக்குள்ளேயே வாடிக்கையாளரோடு பேச உதவும் மென்பொருள் அது. அது ‘ஹாட்லைன்’ என்று மாறி, பிறகு ‘ஃப்ரெஷ்சாட்’ ஆனது. இன்று கம்பெனியின் முக்கியச் சரக்குகளில் ஒன்று. சின்னக் குழு, ஒரே ஊர், மூலச் சரக்குக்கு இல்லாத ஒரு கை. இப்படி வாங்குவதில் பணமும் அதிகம் போவதில்லை, ஒட்டுவதும் எளிது.

சரக்கின் தரம் கணக்குப் புத்தகத்துக்குள் எட்டிப் பார்க்கும் ஜன்னல் ஒன்று உண்டு. போன ஆண்டு 100 ரூபாய் கட்டிய அதே பழைய வாடிக்கையாளர்கள் இந்த ஆண்டு எவ்வளவு கட்டினார்கள் என்ற எண். சந்தா கம்பெனிகள் இதைக் காலாண்டுதோறும் சொல்லும். ஃப்ரெஷ்வொர்க்ஸில் 2021-ல் 110-ஐத் தாண்டியிருந்த இந்த எண், 2024 இறுதியில் 103 அளவுக்கு இறங்கியது. சரக்கு கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்ட முடியாது. இந்த மென்பொருளுக்கு ஆள் கணக்கில்தான் கட்டணம். வாங்கும் கம்பெனிகள் ஆளைக் குறைத்தால் இதுவும் குறையும். ஆனாலும் 100-க்குக் கீழே போகும் கம்பெனி, பழைய ஆட்களை இழந்து புது ஆட்களைத் தேடி ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஓட்டத்தை மறைக்கத்தான் சிலர் இன்னொரு கம்பெனியை வாங்குகிறார்கள்.

ஜோஹோ போன்ற பட்டியலிடப்படாத கம்பெனிகளிடம் இந்த எண்ணைக் கேட்க முடியாது. பெரிய கம்பெனிகளை வாங்கிச் சேர்க்காமல், பெரும்பாலும் சொந்தமாக எழுதியே வளர்ந்த கம்பெனி அது. அதனால் குட்வில் கவலை குறைவு. ஆண்டுக் கணக்கு மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணத்தில் கிடைக்கும். சரக்கை மட்டும் பயன்படுத்தித்தான் அறிய வேண்டும்.

கடை வைத்திருப்பவர்கள் ஆண்டறிக்கை படிக்க வேண்டியதில்லை. நீங்கள் பயன்படுத்தும் பில்லிங் மென்பொருள் கைமாறியது தெரிந்தால், உதவி எண்ணை ஒரு வேலை நாள் காலையில் அழைத்துப் பாருங்கள். முன்பு தமிழில் பேசிய ஆள் இருக்கிறாரா, அல்லது ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்று சுற்றவிடுகிறதா? கடைசி ஆறு மாதப் புதுப்பிப்புகளில் பிழை திருத்தம் இருக்கிறதா, அல்லது புது லோகோவும் விளம்பரமும் மட்டும்தானா? ஒரே கம்பெனியின் இரண்டு மென்பொருளுக்கு இன்னும் இரண்டு கடவுச்சொல் கேட்டால், உள்ளே எதுவும் இணையவில்லை, பெயர்ப் பலகை மட்டும் மாறியிருக்கிறது. அடுத்த ஆண்டுச் சந்தா எவ்வளவு என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சோதனை: உங்கள் பில், இருப்பு, பாக்கிக் கணக்கு மூன்றையும் எக்செல் கோப்பாக வெளியே எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். போன ஆண்டு வைகாசியில் போட்ட ஒரு பில்லை அதில் தேடி எடுக்க முடிகிறதா? முடிந்தால் கம்பெனி யார் கைக்குப் போனாலும் உங்கள் கணக்கு உங்களிடம். முடியாவிட்டால் மாற்றுக்கு ஏற்பாடு செய்ய அவகாசம் வேண்டும். முகூர்த்தக் கூட்டம் கடையில் நிற்கும்போது இதைத் தொடங்காதீர்கள். ஆடியில் கடை ஓய்ந்திருக்கும் ஒரு மத்தியானம் போதும்.